கொக்கு வரும்வரை நீர்நாய்

குதிரை நன்றாகத்தான் ஓடுகிறது. குதிரையை நான் குறை சொல்ல மாட்டேன். பிடரி மயிர் காற்றில் பறக்கிறது, ஆற்றில் இறங்கினால் வயிறுவரை நனைகிறது, நனைந்தது காயக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது, இதையெல்லாம் உட்கார்ந்து செய்தவன் எவனோ அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் குதிரையை விட்டு இறங்கி ஒரு மனுஷனிடம் போய் நின்றால் போதும், உடனே ஒரு வேலை வைக்கிறான். என் ஆட்டைக் காணோம், தேடிக் கொடு. என் தம்பி குகைக்குள் போனான், என்ன ஆனான் என்று பார்த்துவிட்டு வா. ராஜ்யத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட வீரனுக்கு ஆடு தேடுவதே பிழைப்பாகப் போய்விட்டது. வந்தாயா, உட்கார், சாப்பிட்டாயா என்று அந்த ராஜ்யத்தில் ஒருத்தனாவது கேட்க வேண்டுமே. இந்த வீடியோ கேமைப் பற்றி இதைத்தான் என் மகள் தியாவிடம் சொல்ல வேண்டும். குதிரைக்கு ஒன்பது, மனுஷர்களுக்கு மூன்று, கூட்டிக் கழித்துப் பத்துக்கு ஆறு. ஏன் ஆறு என்று கேட்பாள். அவள் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் ஆறோடு நிறுத்துவேன், ஏழு கொடுத்தால் சரி என்று விட்டுவிடுவாள். பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறவனுக்கு இது ஒரு வியாதி. நாள் முழுவதும் மோட்டாரை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டு, இது தேறும், இது தேறாது என்று சொல்லிச் சொல்லி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டீயிலும் குறை தெரியும், நானே போட்ட டீதான் என்றாலும். பொறுக்கி எடுக்கத் தெரிந்தவனுக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று தியாவின் அம்மா யமுனா ஒருமுறை சொன்னாள். சண்டையில் சொல்லவில்லை, பருப்பு கழுவிக்கொண்டே சொன்னாள். சண்டையில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். சரி, அது இப்போது எதற்கு. மணி இன்னும் நாலாகவில்லை. நாலு மணிக்குத் தியா வருவாள். வருவாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்று காலையில் அந்த டிராஃபியைப் பார்க்கும்வரை.

வருவாள் என்றால் வாசல் வழியாக இல்லை. அவளும் யமுனாவும் பெங்களூரில், நான் இங்கே கோயமுத்தூரில் இந்த இரண்டு அறை வீட்டில். டி.வி. திரையின் ஓரத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வரும், அதுதான் அவள் வருவது. நானும் யமுனாவும் பிரிந்த வருஷமே ஒரே மாதிரி இரண்டு கேம் கன்சோல் வாங்கினேன், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. அவளுடையதற்கு மட்டும் இன்னொரு கண்ட்ரோலரும் சேர்த்து வாங்கி அனுப்பினேன், தோழிகள் வந்தால் சேர்ந்து விளையாடட்டும் என்று. நல்ல புத்தி இருக்கிறவன் அதை வாங்கியிருக்க மாட்டான். அந்த இரண்டாவது கண்ட்ரோலர்தான் காலையிலிருந்து என்னை இந்த நாற்காலியில் உட்கார விடாமல் படுத்துகிறது. பங்குனி வெயில் ஜன்னல் கம்பியைச் சுடுகிறது, மேல்வீட்டில் யாரோ கட்டிலை இழுக்கிறார்கள், நான் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், வந்து உட்காருகிறேன், மறுபடி, ஆடியதையெல்லாம் காட்டும் அவள் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். இருக்கிறது. ஆட்டத்தைக் கடைசிவரை முடித்தவர்களுக்குக் கிடைக்கும் ‘வீடு திரும்பினோம்’ என்ற அந்த டிராஃபி, நீர்நாயும் கொக்கும் படத்தோடு, புதன்கிழமை தேதியோடு. நானும் தியாவும் போன சித்திரையிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டம் அது. அதன் உண்மையான பெயர் வாயில் நுழையாது, எங்களுக்கு அது நீர்நாயும் கொக்கும்தான். வெள்ளத்தில் மூழ்கிய ஓர் ஊர். நீர்நாய் முங்கி நீந்தும், கொக்குக் கொஞ்ச தூரம் பறக்கும். இது கீழே போய்க் கதவைத் திறந்துவிட்டால் அது மேலே போய்க் கயிற்றை இழுக்கும், இப்படி ஒன்றுக்கொன்று உதவி இரண்டும் தங்கள் வீட்டைத் தேடிப் போக வேண்டும். நான் நீர்நாய், அவள் கொக்கு. அந்த ஆட்டத்தின் விசேஷமே, ஒருத்தர் மட்டும் ஆட முடியாது. இன்னொருவர் இல்லையென்றால் நீர்நாய் கரையில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும், ‘துணைக்காகக் காத்திருக்கிறது’ என்று கீழே எழுத்து ஓடும், அவ்வளவுதான். நாங்கள் இன்னும் அந்த ஊர் அஞ்சலகத்தைத் தாண்டவில்லை. பாதிதான் வந்திருக்கிறோம். அவள் முடித்துவிட்டாள். அப்படியானால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை யாரோ நீர்நாயாக இருந்திருக்கிறார்கள்.

தோழியாக இருக்கலாம். கீழ்வீட்டில் ஒரு கன்னடப் பெண் இருக்கிறது, பெயர் சொன்னாள், மறந்துவிட்டது. ஆனால் அது ஓர் இடத்தில் உட்காராது என்றும் அவள்தான் சொன்னாள். இந்த ஆட்டத்துக்குப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் கொக்கு மின்கம்பியில் மோதும். பொறுமையான ஆள். பெரிய ஆள். பிரகதீஷ் என்று யமுனாவின் ஆபீசில் ஒருவர் இருக்கிறார், தியா வாயில் அந்தப் பெயர் அடிபட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகிறது. பிரகதீஷ் அங்கிள் பேட்மின்டன் சொல்லிக் கொடுத்தார். பிரகதீஷ் அங்கிள் காரில் போனோம். நான் யார் அது என்று கேட்டதில்லை. நல்லது சாமி என்று சொல்லிவிட்டுக் கார் ரேஸ் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுவேன். கார் ரேஸ் பற்றி எனக்கு நிறையவே அபிப்பிராயம் உண்டு. அதில் மழை ஒன்றுதான் உருப்படி. கண்ணாடியில் துளி விழுந்து, காற்றில் பக்கவாட்டில் ஓடி, வைப்பர் வந்து துடைக்கும்வரை நடுங்கிக்கொண்டு நிற்கும். ஜெயிப்பதை விட்டுவிட்டு அந்த மழைக்காகக் கடைசி ஆளாய் ஓட்டியிருக்கிறேன். பின்னால் ஒருத்தரும் இல்லை, முன்னால் எல்லோரும் போய்விட்டார்கள், மழை மட்டும். அதற்கு எட்டு கொடுத்தேன். தோற்றதற்கா எட்டு என்று தியா சிரித்தாள். பேட்மின்டன் சொல்லிக் கொடுக்கிறவர் நீர்நாயாக இருக்க மாட்டாரா? நன்றாகவே இருப்பார். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் மைக்கில் கத்த வேண்டும், அவர் முழங்கையால் இடித்தாலே போதும். அஞ்சலகத்தைத் தாண்டினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தியா கண்ட வீட்டை அவர் கண்டிருக்கிறார், நான் காணவில்லை. எரிகிறது. கொஞ்சம்கூட நாகரிகம் இல்லாமல் வயிறு எரிகிறது, முகம் தெரியாத ஒரு மனுஷன்மேல், அதுவும் ஒரு நீர்நாய்க்காக.

பிற்பகலில் இந்த வீட்டுக்கு ஒரு சத்தம் உண்டு. ஃபிரிட்ஜ் முனகுவது, குழாய் சொட்டுவது, அதற்கப்புறம் ஒன்றுமில்லாத சத்தம். பேய் ஆட்டம் ஒன்று போன மாதம் எடுத்தேன். எல்லோரும் பயங்கரம் பயங்கரம் என்றார்கள். ஒரு வீடு, நீளமான நடை, இரண்டு பக்கமும் சாத்தின கதவுகள், நாம் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். பேய் வந்தபோது எனக்குப் பயமே இல்லை, பல்லும் நகமுமாய் வந்தது, சுட்டேன், போய்விட்டது. கதவைத் திறந்து உள்ளே ஒருவரும் இல்லாதபோதுதான் உடம்பு வேர்த்தது. மடித்து வைத்த படுக்கை, மேஜையில் ஒரு தம்ளர், ஆள் இல்லை. அணைத்துவிட்டேன். அதற்கு மார்க்கே போடவில்லை. தியா விடாமல் கேட்டதற்கு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று மழுப்பினேன். விவசாய ஆட்டம் அப்படியில்லை, அது சாதுவான ஆட்டம். காரட் விதைத்தால் மூன்றாம் நாள் காரட். எந்த ஊர் மண்ணில் இப்படி விளைகிறது என்று முதல் நாளே சலித்துக்கொண்டேன், ஆனால் விடாமல் ஆடினேன். காரணம் காரட் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை இருப்பாள், காலையில் நாம் கதவைத் திறந்ததும், இன்றைக்கு நல்ல வெயில் இல்லையா என்பாள். மழை நாளில் நல்ல மழை இல்லையா என்பாள். அவளுக்கு ஆறேழு வாக்கியம்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது எல்லாம் முடிந்து மறுபடி முதல் வாக்கியத்துக்கு அவள் வந்த அன்று எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஏமாற்றிவிட்டாள் என்று கோபம். ஒரு வாரம் அவள் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரலே வெளியில் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானாகப் போய் வேலியோரம் நின்றேன். நல்ல வெயில் இல்லையா என்றாள். ஆமாங்க, நல்ல வெயில் என்று வாய்விட்டுச் சொன்னேன். நாற்பத்திரண்டு வயது ஆள், லுங்கியோடு, டி.வி.யைப் பார்த்து. இதையெல்லாம் தியாவிடம் சொல்ல முடியுமா? விவசாயத்துக்கு ஏழு, பொழுதுபோக்குக்குப் பரவாயில்லை என்றேன்.

யோசித்தால் ஒன்று புரிகிறது. இந்த மார்க் எல்லாம் நான் போடுவது ஆட்டத்துக்கு இல்லை. வாரம் பூராவும் வேலை முடிந்து வந்து, குதிரை ஏறி, கார் ஓட்டி, காரட் பிடுங்கி நான் சேர்ப்பது சனிக்கிழமைக்குப் பேச்சு. நாலு மணிக்கு அவள் வந்து, சொல்லுங்கப்பா, இந்த வாரம் என்ன ஆடினீங்க என்று கேட்டால் என் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஸ்கூல் எப்படி, சாப்பிட்டாயா, அம்மா எப்படி என்ற மூன்று கேள்விக்கு அவள் நல்லா இருக்குது, சாப்பிட்டேன், நல்லா இருக்கறாங்க என்று பதில் சொல்லி முடித்தபின் போனில் ஒரு மௌனம் வருமே, அதில் நான் செத்துப் பிழைத்திருக்கிறேன். நேரில் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்தாலும் அதே மௌனம். கண்ட்ரோலர் கையில் இருந்தால் அது வருவதில்லை. கொக்கு அந்தக் கூரையில் உட்கார, நான் இந்தப் பக்கம் மேலே வர, அக்கட்டால போ, இக்கட்டால வா என்று வாய் தானாக ஓடும். அந்த ஓட்டத்தில் அவளும் ஒவ்வொன்றாய்ச் சொல்லிவிடுவாள், கணக்கு டீச்சரைப் பிடிக்கவில்லை, முடியை வெட்டிக்கொள்ளட்டுமா, பெரிய பெண் ஆகிவிட்டால் இங்கே வர விடமாட்டார்களா. அவளுக்கு இப்போது பன்னிரண்டு. எனக்கு அவள் இருப்பது சனிக்கிழமை நாலு மணியில்தான், மற்ற நாளில் அவள் ஃபோட்டோ. ஆட்டம் முடிந்துவிட்டதென்றால் அவள் எதற்கு வர வேண்டும்? வந்தாலும் அப்பா பாவம் என்று வருவாள். தெரிந்த வழியில் தெரியாதவள்போல் பறந்துகாட்டுவாள். அதைவிட வராமலே இருக்கட்டும். இல்லை, வரட்டும். கேட்டுவிடுவதா, யார் கூட முடித்தாய் என்று? கேட்டால் அவள் பயந்துவிடுவாள், அப்பா என் பக்கத்தை எட்டிப் பார்க்கிறார் என்று நினைப்பாள், எட்டித்தான் பார்க்கிறேன். கேட்காமல் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவதா? மோட்டார் ஓடும்போதே உள்ளே ஏதோ தட்டுகிறது என்று தெரிந்து தேறும் என்று எழுதி அனுப்பும் வழக்கம் எனக்கு இல்லை. வீட்டு விஷயத்தில் மட்டும் வாழ்க்கை பூராவும் அதைத்தான் செய்தேன். முன்பு சேர்ந்திருந்த சாயிபாபா காலனி வீட்டில் யமுனா சாயங்காலம் வந்து சோபாவின் மறுகோடியில் உட்காருவாள். நான் காதில் ஹெட்செட் மாட்டியிருப்பேன். ஒருநாள், அதில் என்ன அப்படி இருக்கிறது, எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்றாள். இது உனக்கு வராது என்றேன். வராது என்று எனக்கு எப்படித் தெரியும், பரிசோதித்தா பார்த்தேன்.

நாலாகிவிட்டது. புள்ளி சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. நீர்நாய் கரையில் வாலை ஆட்டுகிறது. இதை வரைந்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள், காத்திருக்கும்போது அது சும்மா இருப்பதில்லை, கொட்டாவி விடும், மூக்கைத் துடைக்கும், தண்ணீரை எட்டிப் பார்க்கும். எனக்குக் கொட்டாவிகூட வரவில்லை. டியூஷனாக இருக்கும். பெங்களூர் டிராஃபிக், அப்படி ஏதாவது இருக்கும். அவர்கள் மூன்று பேருமாக வெளியில் போயிருப்பார்கள். மூன்று பேரும் என்று நினைத்ததும் எழுந்து போய்க் கால் கழுவிக்கொண்டு வருகிறேன், எதற்குக் கால் கழுவினேன் என்று தெரியவில்லை. அணைத்துவிடலாம். நான் முந்தி அணைத்துவிட்டால் அவள் வரவில்லை என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். கை ரிமோட்டுக்குப் போகிறது. பச்சை.

“அப்பா, கேக்குதுங்களா?” என்றாள். கேட்குது சாமி என்றேன், குரல் என்னுடையதாகவே இல்லை. லேட் ஆயிருச்சுங்கப்பா, கரெண்ட் போயிருச்சு என்றாள். கரெண்ட்! அதற்குள் நான் நினைப்பிலேயே எத்தனை ஊருக்குப் போய்விட்டேன். கொக்கு மேலிருந்து இறங்கி நீர்நாய் பக்கத்தில் நின்று வழக்கம்போல அதன் தலையில் ஒரு கொத்துக் கொத்தியது, அது எங்களுக்கு வணக்கம். ஆரம்பித்தோம். நான் குதிரை ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன், ஆடு தேடின கதையைச் சொன்னேன், சிரித்தாள், ஏன் ஆறு என்று கேட்டாள், எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் என் கண் திரையில் கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தது, தெரிந்து பறக்கிறதா, தெரியாமல் பறக்கிறதா என்று. அஞ்சலகத்துக்குள் அவள் தேடினாள். மெய்யாகவே தேடுவதுபோல ஒவ்வொரு ஜன்னலாகப் போனாள், அப்பா இங்க ஒண்ணும் இல்லீங்க, நீங்க கீழ பாருங்க என்றாள். கீழே நெம்புகோல் இருந்தது. அட, கண்டுபிடிச்சிட்டீங்க என்றாள். அந்த அட கொஞ்சம் அதிகமாக இருந்தது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை அப்பாவுக்காக நடிக்கிறது. மறுபக்கத்துக் கதவு திறந்தது, வெளியே ஒரு மரப்பாலம், குறுகல், கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது, நான் ஏறப் போனேன். “அதுல ஏறாதீங்கப்பா, ஒடஞ்சுரும்” என்றாள்.

நின்றேன். கொக்கும் விளக்குக் கம்பத்தின்மேல் அசையாமல் நின்றது. ஆற்றின் சத்தம் மட்டும் இரண்டு வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்திருக்கும். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. விழுந்தாலும் ஒன்றும் ஆகாத ஒரு விளையாட்டுப் பாலத்தில் அப்பா விழக்கூடாது என்று அவள் வாய் முந்திக்கொண்டது, அதை நினைத்தேன். “தெரியுமா சாமி?” என்றேன். “பாத்துட்டீங்களா? டிராஃபிய?” என்றாள். பார்த்தேன் என்றேன். கோவமா என்றாள். இல்லை என்றேன், அது பாதி பொய். பிறகு, காலையிலிருந்து நெஞ்சில் கிடந்ததை, கேட்கவே கூடாது என்று நினைத்திருந்ததை, கேட்டே விட்டேன். “யாருகூட அம்மிணி ஆடுனே?”

“அம்மாகூடப்பா.”

எந்த அம்மா என்று கேட்கப் பார்த்தேன். “அம்மாதான் கேட்டாங்க. சனிக்கிழமை ஆனா நீங்க ரெண்டு பேரும் அதுல அப்படி என்னதான் பண்றீங்க, எனக்குஞ் சொல்லிக் குடுன்னாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலைங்கப்பா, குதிக்கற பட்டன அமுக்கறப்பக் கையையும் சேத்துத் தூக்கறாங்க, கண்ட்ரோலரத் தூக்குனா நீர்நாய் குதிக்குமாட்ட. தெனமும் ஆபீஸ்ல இருந்து வந்து கொஞ்ச நேரம். நான் உங்ககிட்டச் சொல்லீரலாம்னுதான் இருந்தேன், அம்மா வேண்டாம்னுட்டாங்க.” நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்நாய் பாலத்தின் நுனியில் மூக்கைத் துடைத்தது. யமுனா சோபாவில் உட்கார்ந்திருப்பாள், மறுகோடியில் இல்லை, நடுவில், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கும்போது கடிப்பதைப்போல. முதலிலிருந்து கடைசிவரை. வராது என்று நான் சொன்னது வந்துவிட்டது. பிரகதீஷ் மேல் எரிந்த வயிறு அணைந்ததும், அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன், தாங்க முடியவில்லை. யாரோ ஒருவர் என் இடத்தில் உட்கார்ந்தால் அது எனக்கு நேர்ந்த நஷ்டம். யமுனா உட்கார்ந்தால் அது நான் கொடுத்திருக்க வேண்டியது.

“அம்மா வேற என்ன சொன்னா?” என்றேன். தியா யோசித்தாள். “நடுவால ஒருக்கா கேட்டாங்க. உங்கப்பா இதுலயும் வாயே தொறக்காமத்தான் ஆடுவாரான்னு. நான் சொன்னேன், இல்லம்மா, அப்பா இதுல நெறையாப் பேசுவாரு, நிறுத்தவே மாட்டாருன்னு.” அதற்கு அம்மா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். “அம்மா ஒண்ணும் சொல்லலைங்கப்பா. அப்படியான்னு கேட்டுட்டு என்னையவே பாத்துட்டு இருந்தாங்க. பாக்காமயே நடந்து இந்தப் பாலத்துல ஏறி விழுந்துட்டாங்க.” சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நான் சேர்ந்து சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள். சிரிப்பு நின்றது. “அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சாமி.”

“அப்பப் பேசுங்க.”

பேச எவ்வளவோ இருந்தது. விழுந்தபிறகு யார் தூக்கிவிட்டது, கடைசியில் அந்த வீடு எப்படி இருந்தது, கதவைத் திறந்தபோது உன் அம்மா முகம் எப்படி இருந்தது, இதெல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்தேன். “இந்தப் பாலத்த இன்னுங் கொஞ்சம் அகலமாக் கட்டியிருக்கலாம்” என்றேன்.